முதல் துளை யார் எலும்பில்?

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஆலை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,



மார்ச் நெருங்கினால் உங்கள் அலுவலகங்களில் ஒரு கோப்பு மேசைக்கு மேசை நகரத் தொடங்கும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர லாபம் 5 கோடி ரூபாயையோ, விற்றுமுதல் 1,000 கோடியையோ, நிகர மதிப்பு 500 கோடியையோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்கென்று செலவிட வேண்டும். அந்தப் பணம் எப்படிச் செலவாகும் என்பது ஊரறிந்தது. பள்ளிக்கு வகுப்பறை, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், ஏரி தூர்வாருதல், சாலையோரம் ஒரு நிழற்குடை. நிழற்குடையைவிடப் பெயர்ப்பலகை பெரிதாக இருப்பதைத் தவிர இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, வழக்கமாக உங்களிடம் யாரும் கேட்காத ஒரு காரியத்துக்குக் கேட்கிறது இந்த மடல். எலும்பு அறுவை பழகும் இளம் மருத்துவர்களுக்கு மெய்நிகர் பயிற்சிக் கருவிகள், அதாவது வி.ஆர். சிமுலேட்டர்கள், வாங்கித் தாருங்கள்.

ஏன் உங்களிடம் கேட்க வேண்டும்? இந்த வட்டாரத்தில் எலும்பு எங்கே, எப்படி முறிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பிரஸ்ஸில் கை சிக்குகிறது. சாரத்திலிருந்து விழுந்தவரின் குதிகால் நொறுங்குகிறது. சரக்கு இறக்கும்போது இரும்புக் கட்டு சரிந்து முழங்காலுக்குக் கீழே விழுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிறவரை, காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் துறைமுகத்துக்கும் போகும் கண்டெய்னர் லாரி சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் உரசித் தள்ளுகிறது. அடிபட்டவர் முதலில் கும்மிடிப்பூண்டி அல்லது பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போகிறார். காயம் பெரிது என்றால் அங்கிருந்து சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தவருக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் அதுவும் ஒன்று. செலவுக்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் கைகொடுக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அதற்கு நீங்கள் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் கட்டுகிறீர்கள். சிகிச்சைக்குப் பணம் யார் கொடுப்பது என்று எல்லோரும் கேட்டாகிவிட்டது. டிரில்லைப் பிடிக்கும் கை எங்கே பழகியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கை பழகும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எலும்பு அறுவையில் எம்.எஸ். பட்டமேற்படிப்பு மூன்று ஆண்டு. மக்கள் ‘ராடு வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லும் கணைக்கால் எலும்பு நெயிலை எடுத்துக்கொள்வோம். முழங்காலுக்கு அருகே தோலைக் கீறி, எலும்பின் மேல்முனையில் சரியான நுழைவுப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அது சில மில்லிமீட்டர் பிசகினால், பின்னால் செய்யும் எல்லாமே கோணலாகும். அங்கிருந்து கைடு ஒயர், முறிந்த இடத்தைத் தாண்டி மறுதுண்டுக்குள் போக வேண்டும். பிறகு ரீமரால் எலும்புக் குழலை அகலப்படுத்தி, நெயிலை இறக்கி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பூட்ட வேண்டும். கீழ்ப்பூட்டுதான் புதியவரைத் திணறடிக்கும். உள்ளே இறங்கும்போது நெயில் லேசாக வளைந்துகொள்வதால் வெளியிலிருந்து குறிவைக்கும் சட்டம் துளைக்கு நேராக நிற்காது. சி-ஆர்ம் எக்ஸ்ரே படத்தில் துளை முழுவட்டமாகத் தெரியும்வரை காலையும் கருவியையும் மாற்றி மாற்றி வைத்து, கைப்பதத்தில் துளையிட வேண்டும். தவறும் ஒவ்வொரு முறையும் இன்னொரு படம், இன்னும் கொஞ்சம் கதிர்வீச்சு, நோயாளிக்கு மயக்கத்தில் இன்னும் சில நிமிடங்கள். இதையெல்லாம் இளம் மருத்துவர் முதல் ஆண்டு முழுக்க எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறார்; ஒரு நாள், பெரும்பாலும் அவசர இரவில், டிரில் அவர் கைக்கு வருகிறது. திருத்தணி தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூரில் கட்டுப் போடும் குடும்பங்களும் பரம்பரையாக இப்படித்தான் பழகுகின்றன: பெரியவர் செய்வதைப் பார்த்து, பிறகு உயிருள்ள காலில் செய்து. பழகும் முறையில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. தவறின் விலையில்தான் வித்தியாசம். கட்டு தப்பாக அமைந்தால் உடனே கவனித்து அவிழ்த்து மாற்ற ஓரளவு வாய்ப்புண்டு. எலும்பில் போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாது.

சிமுலேட்டர் இங்கேதான் உதவுகிறது. கண்ணில் ஹெட்செட், இரு கையிலும் பிடி. எதிரே அறுவை அரங்கு, மேசையில் கால், தட்டில் கருவிகள். நுழைவுப் புள்ளி தவறினால் திரும்பத் தொடங்கலாம். ஒரே படியை ஒரு மாலையில் இருபது முறை செய்து பார்க்கலாம். ஆய்வுகள் சொல்வதைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மேலே சொன்ன அதே கணைக்கால் நெயிலை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவ மாணவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல இரு அணியாக்கி, ஓர் அணிக்கு வி.ஆரிலும் மற்றதற்கு அச்சிட்ட வழிகாட்டியிலும் பாடம் தந்து, பிறகு செயற்கை எலும்பில் செய்யச் சொன்னார்கள். வி.ஆர். அணி 63 விழுக்காடு படிகளைச் சரியாகச் செய்தது. மற்ற அணி 25 விழுக்காடு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில், இடுப்பு மூட்டு மாற்றின் ஒரு புதிய வழிமுறையைப் பழகாத 24 பயிற்சி மருத்துவர்கள் கலந்துகொண்டார்கள். வி.ஆரில் பழகியவர்கள், பதப்படுத்திய உடலில் செய்தபோது முக்கியப் படிகளில் 33 விழுக்காடு கூடுதலாக முடித்தார்கள். செயற்கை மூட்டைப் பொருத்தும் கோணத்தில் 12 டிகிரி துல்லியம் கூடியது. நேரம் 18 விழுக்காடு குறைந்தது. உயிருள்ள நோயாளிகளிடம் சோதித்த ஆய்வும் இருக்கிறது, எலும்பில் இல்லை, பித்தப்பையில். 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்கள் லாப்ராஸ்கோப்பில் பித்தப்பை எடுத்தார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 விழுக்காடு வேகமாகச் செய்ததோடு, அவர்களிடம் தவறுகள் ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன.

விற்பனைப் பிரதிநிதி இந்த எண்களோடு பேச்சை முடித்துக்கொள்வார். நீங்கள் அங்கே நிறுத்தக் கூடாது. இவை சிறிய ஆய்வுகள். பதினாறு பேர், இருபத்துநான்கு பேர். ஒன்றில் பங்கேற்றவர்கள் அறுவை மருத்துவர்களே அல்லர், மாணவர்கள். ஒப்பிட்ட அணிக்குக் கிடைத்ததும் நல்ல ஆசிரியர் இல்லை, வெறும் அச்சுத்தாள். லாப்ராஸ்கோப் துறையில் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2013 மதிப்பாய்வும், அனுபவம் குறைந்தவர்களின் வேகமும் செய்திறனும் கூடுவதாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, நோயாளிக்கு இதனால் என்ன விளைந்தது என்பது தெரியவில்லை என்று முடித்தது. ஆகவே ‘சிமுலேட்டர் வாங்கினால் கால் சீக்கிரம் கூடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆய்வுகள் காட்டுவது குறுகிய ஒன்று: முதல்முறை செய்யும்போது எந்தப் படிக்குப்பின் எந்தப் படி, எந்தக் கருவி, எந்தக் கோணம் என்பதில் தடுமாற்றம் குறைகிறது. நான் கேட்பதும் அந்தக் குறுகிய பலனைத்தான். முதல் பத்துத் தடுமாற்றங்கள், எழுத்தறிவு குறைந்த, மொழி தெரியாத, கேள்வி கேட்க ஆளில்லாத ஒருவரின் காலில் நிகழாமல் இருந்தால் அது போதிய லாபம். அவர் பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ உங்களிடம் வேலைக்கு வந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு வைத்திருக்கும் உங்களுக்குப் பழக்கமான மொழியில் இன்னொன்று. தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே, இடுப்பருகில் முறிந்தால் எலும்புத் தலைக்குள் ஒரு பெரிய ஸ்க்ரூவைச் செலுத்துவார்கள். அந்த ஸ்க்ரூவின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை இரண்டு எக்ஸ்ரே படங்களில் அளந்து கூட்டினால் ஓர் எண் வரும். 1995-இல் பாம்கார்ட்னரும் அவரது குழுவினரும் 198 முறிவுகளைப் பின்தொடர்ந்து பார்த்து வெளியிட்டார்கள்: அந்தத் தூரம் 25 மில்லிமீட்டராகவோ அதற்குக் குறைவாகவோ இருந்த ஒருவருக்கும் ஸ்க்ரூ எலும்பைக் கிழித்து வெளியே வரவில்லை. உங்கள் லேத்தில் டாலரன்ஸ் போல, இது கைக்கு வைத்த அளவு. ஸ்வீடனின் ஸ்வேமாக் நிறுவனத்தின் டிராமாவிஷன் போன்ற சிமுலேட்டர்கள், இந்த ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் கைடு ஒயரைச் செலுத்தப் பழக்கி, நுனி எங்கே நின்றது, எத்தனை எக்ஸ்ரே எடுத்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று ஒவ்வொரு முயற்சிக்கும் கணக்குக் காட்டுகின்றன. ‘கை நல்லா வருது தம்பி’ என்ற மூத்தவரின் பாராட்டுக்கும் மதிப்பு உண்டு. அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால், தேறியவரையும் இன்னும் தேறாதவரையும் முகதாட்சண்யம் இல்லாமல் பிரித்துப் பார்க்கலாம்.

மூத்த அறுவை மருத்துவர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது: எலும்பு கண்ணால் மட்டும் படிக்கும் பாடமில்லை. டிரில் முதல் சுவரைத் துளைக்கும்போது ஒரு தடை, நடுவில் இளக்கம், எதிர்ச்சுவரில் மீண்டும் தடை, அதைக் கடக்கும் கணத்தில் கை நிற்க வேண்டும். நிற்காமல் பாய்ந்தால் பின்னால் இருக்கும் நரம்போ ரத்தக் குழாயோ கிழியும். சாதாரண ஹெட்செட்டின் பிடியில் இந்த உணர்வு கிடைக்காது, அதிர்வுதான் கிடைக்கும். இதை ஒப்புக்கொள்கிறேன். விசையைத் திருப்பித் தரும் ஹேப்டிக் கருவிகள் உண்டு, விலை அதிகம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தொடு உணர்வுத் தொழில்நுட்பத்தில் நீண்டகாலமாக ஆய்வு செய்கிறார். எக்ஸ்டிக் என்ற மெய்நிகர் தொழில்நுட்ப மையமும் அங்கே இயங்குகிறது. மெடிசிம் வி.ஆர். என்ற சென்னை நிறுவனம் மருத்துவப் பயிற்சிக்கான மென்பொருளையே தொழிலாக வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் கடல் கடந்து வாங்க வேண்டியதில்லை. அதைவிட எளிய வழியும் உங்கள் ஆலைகளுக்குள்ளேயே கிடக்கிறது. இரண்டு கடினத்தன்மை கொண்ட அடுக்குகள், நடுவில் மென்மையான நிரப்பு, டிரில் எவ்வளவு பாய்ந்தது என்று காட்டும் ஓர் அளவி: இதைச் செய்ய கும்மிடிப்பூண்டியின் நல்ல டூல் ரூம் ஒன்றுக்கு அதிக நாள் ஆகாது. வரிசையையும் கோணத்தையும் ஹெட்செட் கற்பிக்கட்டும். துளையிடும் பதத்தை அந்தக் கட்டை கற்பிக்கட்டும். இரண்டையும் ஒரே அறையில் வையுங்கள்.

‘வெளிநாட்டில் நோயாளி குறைவு, வேலை நேரக் கட்டுப்பாடு அதிகம், அமெரிக்காவில் 2003 முதல் வாரம் 80 மணி, ஐரோப்பாவில் 48 மணி. அவர்களுக்கு இது தேவை. ஸ்டான்லி வார்டில் நிற்கும் நம் பிள்ளைக்கு எதற்கு?’ என்ற கேள்வியும் வரும். கூட்டம் அதிகமாக இருந்தால் பழக்கம் அதிகமாகும் என்பது பாதி உண்மை. கூட்டம் அதிகமானால் அவசரமும் அதிகமாகும். அடுத்த நோயாளி காத்திருக்கும்போது எந்த உதவிப் பேராசிரியரும் கீழ்ப்பூட்டுத் துளையை மாணவர் மூன்றாம் முறை தேடும்வரை பொறுத்திருக்க மாட்டார், பொறுத்திருக்கவும் கூடாது. மேலும் கூட்டம் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி பட்டமேற்படிப்பு மாணவர் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். படித்து முடித்தவர் வேலைக்குப் போகும் இடமும் பெருநகர மருத்துவமனையாக இருக்க வேண்டியதில்லை. அங்கே அரிதாக வரும் ஒரு முறிவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்திக்கும் மருத்துவருக்கு, முந்தைய இரவில் ஒத்திகை பார்க்க ஒரு கருவி இருப்பது பெருநகரத்தவருக்கு உதவுவதைவிட அதிகம் உதவும்.

தொழிற்சங்கத்தினர் வேறொன்றைக் கேட்பார்கள், நியாயமாக: முறியாமல் காப்பதை விட்டுவிட்டு, முறிந்ததை ஒட்டுவதற்குப் பணம் கேட்கலாமா? கேட்கக் கூடாது, இரண்டில் ஒன்று என்றால். ஆனால் இயந்திரத்துக்குத் தடுப்பு வைப்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்த கடமை. அது உற்பத்திச் செலவின் கணக்கில் வர வேண்டியது, தர்மக் கணக்கில் இல்லை. சிமுலேட்டர் வாங்கித் தந்ததைக் காட்டி பிரஸ்ஸின் தடுப்பைக் கழற்றிவைக்கும் ஆலை எதுவானாலும், அதன் பணத்தை மருத்துவமனை வாங்காமலிருப்பதே மரியாதை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய தொழிற்பயிற்சி மையங்களில் இன்று வெல்டிங்கையே சிமுலேட்டரில் தொடங்குகிறார்கள். ராடும் தகடும் வீணாகக் கூடாதாம். அந்த வெல்டரின் கால் முறிந்தால் அதில் பழகுவதற்கு மட்டும் சிமுலேட்டர் ஆடம்பரம் என்கிறோம்.

எவ்வளவு பழகினாலும் சிமுலேட்டர் சொல்லித்தராத பகுதி பெரியது. சதை கிழிந்து எலும்பு வெளியே வந்த கால் வந்தால், அதைக் காப்பாற்றுவதா எடுப்பதா என்பதுதான் முதல் கேள்வி. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. தோல், எலும்பு, தசை என்று தனித்தனியே எண்ணிட்டு, மொத்தம் 14-க்குள் என்றால் காப்பாற்றலாம், 17-ஐத் தொட்டால் எடுப்பதை யோசிக்கலாம் என்கிறது. 15, 16 மங்கலான இடம். அந்த மங்கலில் முடிவெடுக்க எந்த மென்பொருளும் வராது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நசுங்கிய கைகளுக்கென்று ஸ்டான்லியில் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை அறுவைத் துறை பெயர் பெற்றதும் கருவியால் இல்லை, தலைமுறையாக வந்த ஆசிரியர்களால். சிமுலேட்டர் ஆசிரியரின் வேலையைப் பறிப்பதற்கு இல்லை. கருவியின் பெயரையும் படிகளின் வரிசையையும் சொல்லிக்கொடுக்கும் பாரத்தை அவரிடமிருந்து இறக்கிவைத்து, இந்த மங்கலான இடத்தைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் தருவதற்கு. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் துறைக்கு ஹெட்செட் வாங்கித் தருவது வீண்.

இனிப் பணம். ஹெட்செட் மலிந்துவிட்டது, மெட்டா குவெஸ்ட் 3 அமெரிக்காவில் 2023-இல் 499 டாலருக்கு வந்தது. செலவு மென்பொருள் உரிமத்திலும், அதைவிட ஓர் ஆளிலும் இருக்கிறது. திறப்புவிழாப் படத்தோடு பீரோவுக்குள் போன கருவிகளின் கதை அரசு மருத்துவமனைகளுக்குப் புதிதில்லை. ஆகவே கருவிக்கு ஒதுக்கும் தொகையோடு, மூன்று ஆண்டுக்கு ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் சம்பளத்தையும் உரிமக் கட்டணத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். பணி நேரத்துக்குள் பயிற்சிக்கு வாரம் சில மணி நேரம் எழுத்தில் ஒதுக்க வேண்டும் என்று மருத்துவமனையிடம் கேளுங்கள். இரவுப் பணி முடித்துத் தூங்கி விழுகிறவர் கண்ணில் ஹெட்செட் மாட்டிப் பயனில்லை. உள்வைப்புக் கருவி விற்கும் நிறுவனங்கள் தங்கள் நெயிலையும் பிளேட்டையும் பழக்கும் மென்பொருளை ஆதரிப்பது உலகெங்கும் நடக்கிறது. அரசு மருத்துவமனை டெண்டரில் வாங்கும் கருவிக்குப் பொருந்தாத பாடம் வேண்டாம். கருவிகள் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறைக்குள் முடங்கவும் வேண்டாம். கும்மிடிப்பூண்டிக்காரருக்குத் திருவள்ளூரைவிட ஸ்டான்லி எளிது என்பது உண்மை. ஹெட்செட்டோ ஒரு பையில் அடங்கும். மாதத்தில் சில நாள் அது பொன்னேரிக்குப் போகட்டும். இதற்கெல்லாம் கம்பெனிகள் சட்டத்திலும் தடை இல்லை. சொந்த ஊழியருக்கு மட்டும் பலன் தரும் செலவு சமூகப் பொறுப்புக் கணக்கில் சேராது. மாவட்டத்துக்கே பொதுவான பயிற்சி அறைக்கு அந்தச் சிக்கல் இல்லை. இந்தப் பணத்தில் உருவாகும் சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதிக்கும் அரசு மருத்துவமனை பொருந்துகிறது. ஐ.ஐ.டி. போன்ற அரசு நிறுவனங்களின் மருத்துவத் தொழில்நுட்ப ஆய்வுக்குத் தருவதையும் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அனுமதிக்கிறது.

அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தை உங்கள் குழு எழுதும் முன், ஆலைக்கு ஒருவராகச் சேர்ந்து திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி முதல்வரையும் எலும்பு அறுவைத் துறையினரையும் ஒருமுறை சந்தியுங்கள். எதை வாங்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். எந்த முறிவுகள் அதிகம் வருகின்றன, எந்தப் படியில் இளையவர்கள் திணறுகிறார்கள் என்று கேட்டு, பட்டியலை அவர்கள் கையால் எழுதி வாங்குங்கள். தனித்தனியாகப் பத்து நிழற்குடைகள் கட்டும் பணத்தைச் சேர்த்து, அந்த ஓர் அறையைத் தொடங்குங்கள். பெயர்ப்பலகை வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள், கதவுக்கு வெளியே.